கலைவாணியின் நடைக்கு ஒரு வழிகாட்டி

1. சாலை நடுவே நின்ற அங்கிள்

"என்னம்மா இது, நான் ரோட்டு நடுவுல நிக்கிறேன்னு காட்டுது?"

ஆரஞ்சுப் பழப் பையோடு வந்த ஒரு பெரியவர் தம் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். கிள்ளானில் ஒரு மருத்துவமனையின் வரவேற்புக் கூடம் அது. எங்கள் செயலியை முதன்முதலாகப் பொதுமக்கள் கையில் கொடுத்த நாள். திரையில் அவரைக் குறிக்கும் நீலப் புள்ளி மருத்துவமனைச் சுவரைத் தாண்டி, லோரிகள் ஓடும் பெரிய சாலையின் நடுவில் நின்றுகொண்டிருந்தது.

"நீங்க இங்கதான் இருக்கீங்க அங்கிள். போன்தான் வெளிய போயிருச்சு."

"அதுக்கு என்ன அவசரமோ. ஆம்பளைங்க வார்டு எங்கன்னு நீ வாயாலயே சொல்லிரும்மா."

சொன்னேன். சிரித்துக்கொண்டே போனார். நானும் சிரித்தேன். அன்றைக்கு எங்கள் தவறுகள் எல்லாம் சிரிப்போடு முடிந்தன.

என் பெயர் ரூபி. சாலாக் செலாத்தானில் வளர்ந்தவள். போனுக்கு மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. பூச்சோங்கில், கீழே கடைகள் வரிசையாக உள்ள ஒரு ஷாப்லாட்டின் மேல்மாடியில் இருக்கிறது எங்கள் கம்பெனி. இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகள் என்னிடம் அல்காரிதம் பற்றிக் கேட்கிறார்கள். அதை அவர்களே படித்துக்கொள்வார்கள். நான் அவர்களுக்குச் சொல்ல நினைப்பது வேறு. அதற்கு முன்னால் இந்த வேலை என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

திறந்த வெளியில் போன் வழி சொல்வது சாட்டிலைட்டின் தயவால். கட்டடத்துக்குள் போய்விட்டால் அந்த சிக்னல் கிடைக்காது. ஆனால் ஒவ்வொரு போனுக்குள்ளும் சில சென்சார்கள் இருக்கின்றன. காலை ஊன்றும்போது உடம்பில் ஏற்படும் சிறு குலுங்கலை ஆக்சலரோமீட்டர் உணரும். திரும்பினால் ஜைரோஸ்கோப் உணரும். மாடி ஏறினால் காற்றழுத்தம் கொஞ்சம் குறையும், அதை பாரோமீட்டர் உணரும். வாசலில் ஒரு QR குறியை ஸ்கேன் செய்து, 'இங்கே தொடங்குகிறேன்' என்று போனிடம் சொல்லிவிட்டால் போதும். அதற்குப் பிறகு எத்தனை எட்டு வைத்தோம், எந்தப் பக்கம் திரும்பினோம் என்று அது தானே கணக்குப் போட்டு, நாம் நிற்கும் இடத்தைச் சொல்லும். கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பது மாதிரிதான். ஒவ்வொரு எட்டிலும் ஒரு சின்னப் பிசகு வரும். பிசகுகள் சேர்ந்துகொண்டே போகும். இதற்கு எங்கள் தொழிலில் ட்ரிஃப்ட் என்று பெயர். ஆரஞ்சுப் பழ அங்கிளைச் சாலைக்கு அனுப்பியது அதுதான்.

அந்த மருத்துவமனை மூன்று காலகட்டங்களில் கட்டிய கட்டடங்களை ஒட்டுப் போட்டது. ஒரு கட்டடத்தின் தளமும் அடுத்ததன் தளமும் ஒரே மட்டத்தில் இல்லை. இடையிடையே சரிவுகள். பார்வையாளர்கள் தினமும் வழி தவறினார்கள். வார்டுகளில் சுவரைத் துளைத்துக் கருவி பொருத்த நிர்வாகம் சம்மதிக்கவில்லை. அதனால்தான் போனுக்குள் இருக்கும் சென்சார்களை வைத்தே வழி சொல்லும் எங்கள் செயலிக்கு வாய்ப்பு வந்தது.

எங்கள் முதலாளி இத்ரீஸ், கிள்ளானில் பரம்பரையாகத் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. துணி விற்க மனமில்லாமல் மென்பொருளுக்கு வந்தவர். அன்று சாயங்காலம் நான் குறைகளைச் சொன்னபோது அவர் கவலைப்படவில்லை.

"நாலஞ்சு மீட்டர்தானே தள்ளிக் காட்டுது? ஓகே லா ரூபி. மனுசன் கண்ணால போர்டைப் பாத்துக்குவான்."

அவர் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது.

2. தாய்மார் அறை

ஒரு வாரம் கழித்து, சிஸ்டர் பிலோமினா என்னைத் தேடிக்கொண்டு வரவேற்புக் கூடத்துக்கு வந்தார். பழைய கட்டடத்தில், குழந்தைகள் சிகிச்சையில் இருக்கும் தாய்மார் தங்குவதற்கென்று ஓர் அறை உண்டு. அதற்குப் பொறுப்பு அவர்.

"வழி சொல்ற போன் ஆளு நீங்கதானே? ஒருத்தி உங்களப் பாக்கணும்னு ஒரே பிடிவாதம். வாங்க."

கட்டில் ஓரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். பக்கத்தில் மடித்து வைத்த வெள்ளைக் கோல். என் காலடிச் சத்தம் கேட்டதும் முகத்தைச் சரியாக என் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, நேத்து இங்க வந்தவங்க ஒருத்தங்க போன்ல, இடது பக்கம் திரும்புங்கன்னு தமிழ்ல ஒரு பொண்ணு பேசுச்சு. அது நீங்க செஞ்சதா?"

"நாங்கதான் செஞ்சோம். குரல் எங்க ஆபீஸ்ல தர்ஷினின்னு ஒரு இன்ஜினியரோடது."

"அது எனக்கும் பேசுமா?"

அவள் பெயர் கலைவாணி. பிறவியிலேயே பார்வை இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸில், பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் நிலையம் ஒன்றில் வேலை செய்கிறாள். கணவர் சேகரும் அங்கேதான். அவருக்கும் பார்வை இல்லை. பிள்ளைப்பேற்றுக்காகக் கேரி தீவில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, நாள் நெருங்குவதற்கு வெகு முன்பே வலி வந்துவிட்டது. அவசர அவசரமாகக் கிள்ளானுக்குக் கொண்டுவந்து ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை. இரண்டு கைக்குள் அடங்கிவிடும் அளவு. புதிய கட்டடத்தின் மூன்றாம் மாடியில், பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

குழந்தைக்கு உறிஞ்சத் தெம்பில்லை. கலைவாணி பாலைக் கறந்து புட்டியில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவள் அம்மா, யாராவது மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்து விட்டால்தான் வர முடியும். சேகர் வேலை முடிந்து கொமுட்டர் ரயில் பிடித்து வருவதற்குள் இருட்டிவிடும். பகலில் தாதிகள்தான் அவளைக் கூட்டிப் போனார்கள். அவர்களுக்கு வேறு வேலை வந்தால், புட்டியை மடியில் வைத்துக்கொண்டு இவள் காத்திருப்பாள்.

"யாரையும் குறை சொல்லலக்கா. எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிறாங்க. ஆனா என் பிள்ளையப் பாக்க நான் போகல. என்னைக் கொண்டு போறாங்க. வித்தியாசம் இருக்குல்ல?"

"நீங்க கோல் வச்சுத் தனியா நடப்பீங்களா?"

"பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்க நடப்பேன். ரயில் மாறி எங்க வேணும்னாலும் போவேன். இங்க நடுவுல ஒரு பெரிய ஹால் இருக்கு பாருங்க, அங்கதான் சிக்கல். தடவிப் போகச் சுவரே இல்ல. எல்லாப் பக்கமும் ஒரே சத்தம். அதுல வழி தப்பினேன்னா அவ்ளோதான்."

எங்கள் செயலி பார்வை உள்ளவர்களுக்காகச் செய்தது என்று சொன்னேன். சில மீட்டர் தள்ளிக் காட்டும் என்றும் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

"சரிக்கா. எப்ப சரி பண்ணுவீங்க?"

இத்ரீஸிடம் பேசினேன். அவர் சட்டென்று மறுத்துவிடவில்லை. நாற்காலியைப் பின்னால் சாய்த்து யோசித்தார்.

"ஆபரேஷன் பண்ண உடம்பு. விழுந்தா யாரு பதில் சொல்றது ரூபி?"

"நான் பின்னாலயே போறேன் பாஸ்."

"எட்டிப் பிடிக்கிற தூரத்துல போங்க. ஆஸ்பத்திரிகாரங்க ஓகே சொன்னாத்தான்."

மருத்துவமனை ஒப்புக்கொண்டது. சிஸ்டர் பிலோமினாவுக்கு அரை மனது.

3. முதல் நடை

போனை ஒரு சிறு பையில் போட்டுக் கலைவாணியின் தோளில் குறுக்காக மாட்டினோம். ஒரு காதில் மட்டும் இயர்போன். வலக் கையில் கோல். இடக் கையில் பால் புட்டி வைத்த குளிர்ப்பை. தாய்மார் அறை வாசலில் ஒட்டியிருந்த குறியை நான் ஸ்கேன் செய்து கொடுத்தேன்.

"போலாமா?" என்றாள். குரலில் அவ்வளவு உற்சாகம்.

மெதுவாக நடந்தாள். தையல் இன்னும் ஆறவில்லை. பாதத்தைத் தரையிலிருந்து அதிகம் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். இரண்டு அடிக்கு ஒரு முறை நின்றாள். நான் பின்னால் என் போனில் அவளுடைய புள்ளியைப் பார்த்துக்கொண்டே போனேன். புள்ளி தாய்மார் அறை வாசலிலேயே நின்றது. அவள் நடைவழியில் பாதி தூரம் வந்துவிட்டாள். புள்ளி அப்போதுதான் அசையத் தொடங்கியது.

வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடம் வந்தது. போன் வாயைத் திறக்கவில்லை. கலைவாணி அதைக் கடந்தாள். நான் பேசியிருக்கலாம். போன் தன் தவறைத் தானே கண்டுபிடித்து 'திரும்பி வாருங்கள்' என்று சொல்லும், அந்த வசதி செயலியில் இருக்கிறதே என்று ஒரு கணம் காத்திருந்தேன். அந்த நேரத்தில் தர்ஷினியின் குரல் தெளிவாக, திடமாக, "வலது பக்கம் திரும்பவும்" என்றது.

கலைவாணி திரும்பினாள். அங்கே துணி வைக்கும் அறையின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே படுக்கை விரிப்பு ஏற்றிய இரும்பு வண்டி. அவள் கோல் வண்டியின் அடியில், சக்கரங்களுக்கு நடுவே புகுந்துவிட்டது. முழங்கால் இரும்பில் மோதியது. நான் பாய்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். விழவில்லை. ஆனால் குளிர்ப்பை கைநழுவித் தரையில் விழுந்தது. மூடி தெறித்து, பால் கொட்டியது.

அவள் குனிய முயன்றாள். முடியவில்லை. "எவ்ளோ கொட்டிருச்சுக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"எல்லாம்," என்றேன்.

சத்தம் கேட்டு சிஸ்டர் பிலோமினா ஓடி வந்தார். தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"போதும். உங்க டெஸ்ட்டுக்கு வேற ஆளப் பாருங்க. என் பேஷண்ட்ட விட்ருங்க."

கலைவாணியின் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அவள் கோலை மடிக்காமல் அப்படியே இழுத்துக்கொண்டு போனாள். நான் ஒரு துணி வாங்கித் தரையைத் துடைத்தேன். கார் நிறுத்துமிடத்தில் வெகுநேரம் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

4. போனில் வந்த கேள்வி

மறுநாள் ஆபீஸில் தர்ஷினியும் நானும் அந்த நடையின் வரைபடத்தைத் திரையில் விரித்தோம். வழக்கமாக ஒவ்வொரு எட்டுக்கும் ஆக்சலரோமீட்டர் ஓர் ஊசி முனை போலக் கோடு போடும். அவற்றை எண்ணுவதுதான் செயலியின் வேலை. கலைவாணியின் கோட்டில் ஊசி முனைகளே இல்லை. மண் மேடு மாதிரி ஒன்றிரண்டு தாழ்ந்த வளைவுகள். அவற்றின் நடுவே கோல் தட்டிய அதிர்வுகள் பொடிப்பொடியாக.

"இது நடக்குற மாதிரியே இல்லக்கா. நிக்கிற ஆளுன்னுதான் செயலி நினைச்சிருக்கு," என்றாள் தர்ஷினி.

"நாம யாரு நடையக் கொடுத்து இதப் பழக்குனோம்?"

"நம்ம ஆபீஸ் ஆளுங்கதான். கீழ கடை வரிசையச் சுத்தி நடந்தாங்களே."

எல்லாரும் ஆரோக்கியமாக, மதியச் சாப்பாட்டுக்குப் போகும் வேகத்தில் நடந்தவர்கள். என் மகனும் ஆபரேஷன் செய்து பிறந்தவன்தான். கட்டிலில் இருந்து குளியலறைக்குப் போவதே ஒரு பயணமாக இருந்த நாள்கள் எனக்கு ஞாபகம் வந்தன. நான் எழுந்து, வயிற்றில் கை வைத்துக்கொண்டு, அந்த நடையை ஆபீஸுக்குள் நடந்து காட்டினேன். தர்ஷினி முதலில் சிரித்தாள். பிறகு போனைக் கொண்டுவந்து என் தோளில் மாட்டினாள். திரையில் அதே தாழ்ந்த வளைவுகள் வந்தன.

அங்கிருந்து வேலை தொடங்கியது. எட்டு என்பது இப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு செய்வதை விட்டோம். முதல் சில நிமிடங்களில் நடப்பவரின் எட்டைச் செயலியே கற்றுக்கொள்ளும்படி மாற்றினோம். கோல் தட்டும் அதிர்வைத் தனியாகப் பிரித்தோம். லிஃப்ட் பக்கத்து இரும்பு, திசைகாட்டியைக் குழப்பியது. அந்த இடங்களில் அதை நம்பாதே என்று சொல்லிவைத்தோம். கட்டடங்களை இணைக்கும் சரிவில் ஏறினால் பாரோமீட்டருக்குத் தெரியும். லிஃப்டில் ஏறினாலும் தெரியும். அந்த இடங்களைத் தொட்டதும் பழைய பிசகையெல்லாம் அழித்துவிட்டுக் கணக்கைப் புதிதாகத் தொடங்கச் செய்தோம்.

கலைவாணி சொன்ன அந்த நடுக் கூடம் மட்டும் மசியவில்லை. அங்கே சரிவு இல்லை, லிஃப்ட் இல்லை. ஆள்கூட்டத்தில் விலகி விலகி நடந்தால் பிசகு கூடிக்கொண்டே போனது.

சில நாள் கழித்து ஒரு மாலையில் என் போன் அடித்தது. கலைவாணி.

"அக்கா, சிஸ்டர் கோவத்துல ஏதாச்சும் சொல்லியிருந்தா மனசுல வச்சுக்காதீங்க."

"அவங்க கோவம் நியாயம்தான். முட்டி எப்படி இருக்கு?"

"கன்னிப்போச்சு. அது கெடக்கு. ஒண்ணு கேக்கட்டா? அந்தப் போனுக்கு அப்ப வழி தெரியாதுதானே?"

"தெரியாது."

"தெரியாதுன்னு அதுக்குத் தெரியுமா?"

உட்கார்ந்திருந்த நான் எழுந்து நின்றுவிட்டேன். செயலி ஒவ்வொரு நொடியும் இடத்தைக் கணக்கிடும்போது, அந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்பதையும் கூடவே கணக்கிடுகிறது. நம்பிக்கை குறையக் குறைய, புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் பெரிதாகும். அந்த வட்டம் பயனரைக் குழப்பும் என்று நாங்கள் திரையில் காட்டவில்லை, அவ்வளவுதான்.

"தெரியும்," என்றேன்.

"அப்ப ஏன்க்கா அவ்ளோ தைரியமா ரைட்டுன்னு சொல்லுச்சு? குரல்ல கொஞ்சம் சந்தேகம் இருந்திருந்தாக்கூட நான் கோல வச்சு ரெண்டு தடவ பாத்திருப்பேன். தெரியலன்னா தெரியலன்னு சொல்லட்டுமே. நான் நின்னுக்குறேன். நிக்கிறது எனக்குப் பழக்கம்தான்."

5. பாஸும் தண்ணீர்ப் பீப்பாயும்

"எனக்கு இடம் சரியாகத் தெரியவில்லை. நில்லுங்கள்." இப்படி ஒரு வாக்கியத்தைச் செயலியில் சேர்க்கப் போகிறோம் என்றதும் இத்ரீஸ் கையில் இருந்த தே தாரிக் டீக் குவளையை வைத்துவிட்டார்.

"ரூபி, வழி சொல்லத்தான் ஆப் விக்கிறோம். அதுவே எனக்குத் தெரியலன்னு சொன்னா எவன் வாங்குவான்? எங்கப்பா துணிக்கடையில, இந்தச் சாயம் போகுமா போகாதா தெரியலன்னு சொல்லிருந்தா கடை இருந்திருக்குமா?"

"சாயம் போகாதுன்னு சொல்லி, போயிருந்தா கடை இருந்திருக்குமா பாஸ்?"

அவர் குவளையை மறுபடி எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். "பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு, ரெண்டையும் குடுங்க. நானே நடந்து பாக்குறேன்," என்றார்.

தர்ஷினி தன் துப்பட்டாவால் அவர் கண்ணைக் கட்டினாள். ஆபீஸின் வரைபடம் செயலியில் ஏற்கெனவே இருந்தது. முதலில் பழையது. அவர் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, பயந்து பயந்து அடி வைத்தார். அவருடைய வழக்கமான நடை அதில் இல்லவே இல்லை. செயலி குழம்பிப்போய், "நேராகச் செல்லவும்" என்று அடித்துச் சொன்னது. அவர் நம்பி நேராகப் போய்த் தண்ணீர்ப் பீப்பாயைக் கட்டிப்பிடித்தார். பீப்பாய் ஆடி, அவர் சட்டை முழுக்கத் தண்ணீர். ஆபீஸே சிரித்தது.

பிறகு புதியது. கொஞ்ச தூரம் சரியாக வழி சொன்னது. மேசைகளுக்கு இடையே அவர் தடுமாறியதும், "எனக்கு இடம் சரியாகத் தெரியவில்லை. நில்லுங்கள்," என்றது. அவர் அப்படியே நின்றார். துப்பட்டாவைக் கழற்றிப் பார்த்தார். ஒரு விரற்கடை முன்னால் மேசை முனை.

ஈரச் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "போடுங்க," என்றார். அறைக்குள் போகப் போனவர் திரும்பி, "தர்ஷினி, அந்த வரிய அழுற மாதிரிப் பேசாதே லா. சாதாரணமாச் சொல்லு. நிக்கச் சொல்றது தப்பு இல்லதானே," என்றார்.

அவள் மறுபடியும் பதிவு செய்தாள்.

6. நடுக் கூடம்

சிஸ்டர் பிலோமினாவைச் சம்மதிக்க வைத்தது நான் இல்லை, கலைவாணி. என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. சிஸ்டர் என்னிடம் சொன்னது இதுதான்: "முதல்ல நீங்க கண்ணக் கட்டிக்கிட்டு நடந்து காட்டுங்க. ரெண்டு தடவ."

நடந்து காட்டினேன். இரண்டு முறையும் நடுக் கூடத்தில் போன் என்னை நிற்கச் சொன்னது. இருட்டுக்குள் நிற்பது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் புரிந்தது. காலுக்குக் கீழே தரை நகர்வது போல இருந்தது. ஆனால் நின்றேன். நின்றதும் காது வேலை செய்ய ஆரம்பித்தது. மருந்தகத்தில் எண் கூப்பிடும் ஒலி ஒரு பக்கம். மறுபக்கம், சரிவுப் பாதைக்குப் போகும் திறந்த வழியாக வரும் காற்று.

மறுநாள் பிற்பகல், பார்வையாளர் நேரம் முடிந்து கூட்டம் குறைந்ததும் கலைவாணி கிளம்பினாள். தோளில் போன், கையில் கோல், குளிர்ப்பை. பின்னால் நான். எனக்குப் பின்னால் சிஸ்டர், கையைப் பிசைந்துகொண்டு.

நடைவழியில் புள்ளி அவளோடு சேர்ந்தே நகர்ந்தது. அவள் தேய்த்துத் தேய்த்து வைத்த ஒவ்வொரு எட்டையும் செயலி எண்ணியது. "வலது பக்கம் திரும்பவும்." சரியான இடம். கோலால் ஒரு முறை தடவி உறுதி செய்துகொண்டு திரும்பினாள்.

நடுக் கூடம் வந்தது. பாதி வரை போனாள். எதிரே தரை துடைக்கும் இயந்திரத்தை ஒருவர் ஓட்டிக்கொண்டு வந்தார். அவள் அந்தச் சத்தத்துக்கு விலகினாள். இன்னும் கொஞ்சம் விலகினாள். என் திரையில் வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது.

"எனக்கு இடம் சரியாகத் தெரியவில்லை. நில்லுங்கள்."

நின்றாள். நாலு பக்கமும் வெறும் தரை. என் கை தானாக முன்னே போனது. அவள் திரும்பாமலே, "தொடாதீங்கக்கா. இருங்க," என்றாள்.

இயந்திரம் தாண்டிப் போகும்வரை காத்திருந்தாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பி, கோலை அகலமாக வீசி வீசி நடந்தாள். போன் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் அதனிடம் எதுவும் எதிர்பார்க்கவில்லை. கோலின் முனை சரிவுப் பாதையின் கைப்பிடிக் கம்பியில் பட்டு 'டங்' என்றது. அவள் அதைப் பிடித்து ஏற ஆரம்பித்தாள். சரிவின் மேலே வந்ததும் என் திரையில் அந்தப் பெரிய வட்டம் சட்டென்று சுருங்கிப் புள்ளியானது.

"சரிவைக் கடந்துவிட்டீர்கள். லிஃப்ட் இடது பக்கம்."

"வந்துட்டியா? வா, போவோம்," என்று போனிடம் சொன்னாள் கலைவாணி.

மூன்றாம் மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்குப் பக்கத்தில் மணியைத் தடவிக் கண்டுபிடித்து அழுத்தினாள். கதவைத் திறந்த தாதி எட்டிப் பார்த்து, "யாரு கூட்டிட்டு வந்தா?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல. பிள்ளையப் பாக்க வந்தேன்," என்றாள்.

சிஸ்டர் பிலோமினா சுவர்ப் பக்கம் திரும்பி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் அவளைத் தடுக்கவில்லை. மாலையில் வந்த சேகருக்குக் கலைவாணியே வழி பழக்கினாள். "அது தெரியலன்னு சொன்னா பதறாதீங்க. காத்து வர்ற பக்கம் பாருங்க," என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன்.

7. தர்ஷினி காட்டிய பிழை

அதற்குப் பிறகு அவள் தனியாகவே போய் வந்தாள். அவள் அனுமதியோடு அந்த நடைகளின் பதிவு எங்களுக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் தர்ஷினி என்னைக் கூப்பிட்டாள்.

"பெரிய எர்ரர் ஒண்ணு இருக்குக்கா. மூணாம் மாடிக்குப் போற வரைக்கும் சுத்தமா இருக்கு. அதுக்கப்புறம் பாருங்க."

கோடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போய், ஓரிடத்தில் நூல்கண்டு மாதிரி சுற்றிச் சுற்றிச் சிக்கலாகியிருந்தது. ரொம்ப நேரம். அத்தனை சிறிய அறையில் அவள் மைல் கணக்கில் நடந்ததாகச் செயலி சொன்னது.

"தேய்ச்சு நடக்குறதப் பிடிக்கணும்னு சென்சிடிவிட்டிய கூட்டிட்டோம்ல. ஏதோ வெறும் அதிர்வ, நாய்ஸ, எட்டுன்னு எண்ணிருச்சு. ஃபில்டர் போட்டு அழிச்சிரவா?"

நான் அந்த அலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மெல்லிய அசைவு. இடம், வலம். இடம், வலம். ஒரே சீராக. நடையாக இருந்தால் முன்னே தள்ளும் விசை இருக்கும். அது துளியும் இல்லை. பிறகுதான் விளங்கியது. காலையில் சிஸ்டர் என்னிடம் ஒரு சேதி சொல்லியிருந்தார். குழந்தையைப் பெட்டியிலிருந்து முதன்முறையாக வெளியே எடுத்து, தாயின் நெஞ்சோடு சேர்த்து வைத்தார்களாம். கலைவாணி போனை நிறுத்த மறந்திருக்கிறாள்.

தர்ஷினியிடம் சொன்னேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

அன்று மாலை கலைவாணியிடம் கேட்டேன். அவள் பதிவு அது. அவளைக் கேட்காமல் வைத்துக்கொள்ள முடியாது.

"ஆடுனதக் கூடவா எழுதிருச்சு?" என்று வெட்கப்பட்டுச் சிரித்தாள். "அழிக்காதீங்கக்கா. போட்டோ எடுத்தா எனக்கு என்ன தெரியப்போகுது? இது இருக்கட்டும்."

குழந்தை தேறியது. எடை கூடி, தானாகப் பால் குடிக்கத் தொடங்கி, பெற்றோரோடு பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போய்விட்டது. அந்த மருத்துவமனை எங்கள் செயலியைத் தொடர்ந்து வைத்துக்கொண்டது. இத்ரீஸ் இப்போது புதிய வாடிக்கையாளர்களிடம் முதலில் காட்டுவதே அது நிற்கச் சொல்லும் இடத்தைத்தான்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். சென்சார் பொய் சொல்லாது. அது சொல்வதில் எது நடை, எது குப்பை என்று பிரிப்பது நாம். நமக்குத் தெரிந்த நடைகளை மட்டும் வைத்துப் பிரித்தால், யாரோ ஒருவருடைய நடை குப்பைக்குள் போய்விடும். ஃபில்டர் போடுவதற்கு முன்னால், அந்த அசைவு யாருடையது என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

தர்ஷினி அந்த அலையை அழிக்கவில்லை. நடை, நிற்றல், படி, லிஃப்ட் என்று எங்கள் நிரலில் இருக்கும் அசைவு வகைகளோடு இன்னொன்றைச் சேர்த்தாள். தாலாட்டு என்று அதற்குப் பெயர் வைத்தாள். அந்த அசைவைக் கண்டால் செயலி எட்டு எண்ணாது, வழி சொல்லாது. பேசாமல் காத்திருக்கும்.